அடியில் ஒரு சாண் தண்ணீர்

சென்னைத் துறைமுகத்தின் முதல் வாயில் கிழக்குப் பார்த்து இருந்தது. 1870களின் நடுவில் வேலை தொடங்கியபோது, கரையிலிருந்து இரண்டு சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, நுனிகளை ஒன்றை நோக்கி ஒன்று மடக்கி, நடுவில் கப்பல் நுழைய இடம் விட்டார்கள். 1881 நவம்பரில் அடித்த புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தது. சுவரை மறுபடி கட்டிவிட்டார்கள். தெற்குச் சுவரை ஒட்டி மணல் சேர்வதைத்தான் நிறுத்த முடியவில்லை. ஆண்டுக்கு ஆண்டு கரை கடலுக்குள் முன்னேறியது. இன்றைய மெரினாவின் அகலத்துக்கு அந்த மணல்தான் முக்கியக் காரணம். இப்படியே போனால் மணல் சுவரின் நுனியைச் சுற்றிக்கொண்டு வாயிலுக்கே வந்துவிடும் என்று பொறியாளர்கள் பயந்தார்கள். 1904-ல் துறைமுகத்தின் பொறுப்பை ஏற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை அடைத்துவிட்டு, வடகிழக்கில் புது வாயில் திறக்க வைத்தார்.

ஸ்பிரிங்கைத் தமிழ் வாசகர்கள் வேறொரு கதையில் சந்தித்திருப்பார்கள். 1912-ல் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தது அவருடைய அலுவலகத்தில்தான். ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்பிரிங், சென்னைத் துறைமுகத்தருகே மணல் நகர்வதைப் பற்றி லண்டன் சிவில் பொறியாளர் கழகத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். கரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது, ஆழம் எங்கே குறைந்திருக்கிறது என்று அவரால் அளக்க முடிந்தது. எந்த அலை, எந்த ஓட்டத்தோடு சேர்ந்து, எவ்வளவு மணலைத் தூக்கிக்கொண்டு போனது என்று முன்கூட்டிக் கணக்கிட அன்று வழி இல்லை. அந்தக் கணக்கு பிறகு எப்படி உருவானது, இன்று அதை எவ்வளவு நம்பலாம் என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். விஷயம் பெரும்பாலும் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் நடக்கிறது.

உயரம் ஒன்று, வலு வேறு

கரையில் நிற்பவர் அலையின் உயரத்தைப் பார்க்கிறார். கடலடித் தரைக்கு அதைவிட முக்கியமானது அலையின் காலம், அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கழியும் நொடிகள்.

அலை போகும்போது தண்ணீர் அதனோடு போய்விடுவதில்லை. மேற்பரப்பில் நீர் ஏறக்குறைய ஒரு வட்டம் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. ஆழம் குறைவான கடலில் கீழே போகப் போக அந்த வட்டம் நசுங்குகிறது. தரையை எட்டும்போது முன்னும் பின்னும் போய்வரும் வெறும் ஊசலாட்டமாகிவிடுகிறது. ஜார்ஜ் ஏய்ரி 1840களில் எழுதிய அலைக் கோட்பாடு இந்த ஊசலாட்டத்தின் வேகத்தை ஒரே வரிச் சமன்பாட்டில் தருகிறது. கடற்கரைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் முதலில் படிப்பது அதைத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆழம் 15 மீட்டர். இரண்டு நாட்களிலும் அலை உயரம் ஒன்றே, 1.5 மீட்டர். முதல் நாள் உள்ளூர்க் காற்று எழுப்பிய, 5 நொடிக்கு ஒருமுறை வரும் அலை. தரையில் அதன் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 16 சென்டிமீட்டர். இரண்டாம் நாள் எங்கோ தொலைவில் பிறந்து பல நாள் பயணம் செய்து வந்த, 10 நொடிக்கு ஒருமுறை வரும் நீளலை. அதன் வேகம் சுமார் 48 சென்டிமீட்டர். கண்ணுக்கு உயரம் ஒன்றுதான். அடியில் வேகம் மூன்று மடங்கு. முதல் நாள் தரையோரத் தண்ணீர் கால் மீட்டர் தூரம் போய்த் திரும்பும். இரண்டாம் நாள் ஒன்றரை மீட்டர்.

வங்காள விரிகுடாவுக்கு இந்த வேறுபாடு வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. தெற்கே திறந்து கிடக்கும் கடல் இது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களின் நீளலைகள் இங்கே வந்து சேர்கின்றன. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் துறைமுக வாயிலின் அடித்தரை கலங்கிக் கிடக்கக்கூடும். அலை உயரத்தை மட்டும் குறித்து வைத்திருக்கும் பதிவேடு இந்தச் செய்தியைத் தவறவிட்டுவிடும்.

அலையின் பிடி ஏன் இறுக்கம்?

தண்ணீர் தரையைத் தொடும் இடத்தில் அதன் வேகம் பூஜ்யம். அங்கிருந்து மேலே போகப் போக வேகம் கூடுகிறது. இப்படி வேகம் கூடும் அடுக்கை எல்லைப் படலம் என்கிறார்கள். நிதானமாக ஒரே திசையில் ஓடும் கடல் நீரோட்டத்துக்கு இந்தப் படலத்தை வளர்க்க வேண்டிய நேரம் கிடைக்கிறது. மணிக்கணக்கில் ஓடும்போது படலம் பல மீட்டர் உயரத்துக்கு வளர்ந்துவிடும். வேகம் மெதுவாக, படிப்படியாகக் கூடும்.

அலைக்கு அந்த அவகாசம் இல்லை. 10 நொடி அலை 5 நொடிக்கு ஒருமுறை திசை மாறுகிறது. படலம் வளரத் தொடங்குவதற்குள் தண்ணீர் திரும்பிவிடுகிறது. அதனால் அலையின் எல்லைப் படலம் சில சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது. தரை மேடுபள்ளமாக இருந்தால் பத்து சென்டிமீட்டர்வரை போகலாம். பூஜ்யத்திலிருந்து 48 சென்டிமீட்டர் வேகத்துக்கு அந்தச் சிறு உயரத்துக்குள் ஏறியாக வேண்டும். வேகம் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ, தரை மீது உராய்வு அவ்வளவு அதிகம்.

எண்ணில் சொன்னால், மேலே பார்த்த நீளலை நுண்மணல் தரையில் ஏற்படுத்தும் உச்ச உராய்வு சதுர மீட்டருக்குச் சுமார் 0.6 நியூட்டன். அதே 48 சென்டிமீட்டர் சராசரி வேகத்தில் ஓடும் நீரோட்டம் தருவது 0.25 நியூட்டனுக்கும் கீழே. வேகம் ஒன்றே, பிடி இரண்டரை மடங்கு.

இதில் எது மணலை நகர்த்தப் போதும்? அந்த எல்லைக் கோட்டை வரைந்தவர் ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். பெர்லினில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்த அவர், கிரானைட், பாரைட், பழுப்பு நிலக்கரி, அம்பர் என எடை வேறுபட்ட துகள்களைத் தொட்டியில் பரப்பி, தண்ணீரை ஓடவிட்டு, எப்போது துகள் அசையத் தொடங்குகிறது என்று பார்த்தார். 1936-ல் வெளியான அந்த ஆய்வேட்டின் வரைபடம் இல்லாமல் இன்று பெரும்பாலான மணல் நகர்வுக் கணக்குகள் இல்லை. ஷீல்ட்ஸுக்கோ அந்தத் துறையில் வேலை அமையவில்லை. அமெரிக்கா திரும்பி, அட்டைப்பெட்டி செய்யும் இயந்திரங்களை வடிவமைப்பதில் வாழ்நாளைக் கழித்தார்.

அவருடைய வரைபடத்தின்படி 0.2 மில்லிமீட்டர் மணல் அசைய சதுர மீட்டருக்குச் சுமார் 0.16 நியூட்டன் உராய்வு வேண்டும். நம் 5 நொடி அலை அந்த விளிம்பில் நிற்கிறது. 10 நொடி அலை ஏறக்குறைய நான்கு மடங்கு தாண்டிவிடுகிறது. 15 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 30 சென்டிமீட்டர் ஓடும் நீரோட்டம் தனியாக வந்தால் ஒரு மணியைக்கூடப் புரட்டாது.

ஆனால் அலையும் தனியாக வந்தால் மணலை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் போகும். இரண்டும் சேர வேண்டும். முறத்தில் நெல் புடைப்பதைப் போல்தான்: முறத்தின் வீச்சு தூக்குகிறது, காற்று கொண்டுபோகிறது. அலை மணலைத் தரையிலிருந்து கிளப்புகிறது. தனியாக ஒரு மணியையும் அசைக்க முடியாத அந்த நீரோட்டம், மிதக்கும் மணலைச் சுலபமாக இழுத்துச் செல்கிறது.

சேரும்போது கணக்கு வெறும் கூட்டல் கணக்காக இருப்பதில்லை. அலையின் மெல்லிய, கலங்கலான படலத்தின் மேல் ஓட வேண்டியிருக்கும் நீரோட்டத்துக்குத் தரை உண்மையில் இருப்பதைவிடக் கரடுமுரடாகத் தெரிகிறது. அதனால் ஓட்டம் அடியில் மந்தமாகிறது. மொத்த உராய்வோ இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டுகிறது. வில்லியம் கிராண்ட், ஓலே மேட்சன் இருவரும் 1979-ல் இதற்கு ஒரு கோட்பாடு கொடுத்தார்கள். இன்றைய கடற்கரை மாதிரிகள் பலவற்றின் அடித்தளத்தில் அதுவோ அதன் வாரிசுகளோ இருக்கின்றன.

தரையும் சும்மா இருப்பதில்லை

மணல் அசையத் தொடங்கியதும் தரை தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. அலை போய்வரும் திசைக்குக் குறுக்காக வரி வரியாக மணல் எழும்புகிறது. ஒவ்வொரு வரியின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு குட்டிச் சுழல் உருவாகி, மணலைச் சுருட்டி வைத்துக்கொண்டு, தண்ணீர் திரும்பும் நொடியில் மேலே எறிகிறது.

இதை ஆய்வகத்தில் அருகிலிருந்து பார்த்தவர் ரால்ஃப் பேக்னால்ட். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியான இவர், லிபியப் பாலைவனத்தில் காரோட்டித் திரிந்து காற்று மணலைப் பற்றி நூல் எழுதியவர். கடலடி மணலுக்கு வந்தபோது ஒரு சிக்கலைச் சந்தித்தார்: உண்மையான அலையின் நீளமான ஊசலாட்டத்தைத் தொட்டியில் உருவாக்குவது கடினம். அவர் கணக்கைத் திருப்பிப் போட்டார். தண்ணீரை அசையாமல் வைத்துவிட்டு, மணல் பரப்பிய தளத்தைத் தண்ணீருக்குள் ஊஞ்சல்போல் ஆட்டினார். எது நகர்ந்தாலும் மணலுக்கு ஒன்றுதான். 1946-ல் வெளியான அந்த ஆய்வில் வரிகளின் பிறப்பும் அவற்றின் முதுகில் எழும் சுழல்களும் பதிவாயின.

மாதிரி செய்பவருக்கு இந்த வரிகள் பெரிய இடைஞ்சல். வரிகள் இருந்தால் தரை கரடு, உராய்வு கூடும். புயலில் உராய்வு மேலும் ஏறும்போது வரிகள் அழிந்து, தரை மட்டமாகி, மணல் ஒரு போர்வையாக நகரத் தொடங்கும். அப்போது கரட்டுத்தன்மை சட்டென்று குறைகிறது. காலையில் உண்மையாக இருந்த எண் மாலையில் உண்மையாக இருப்பதில்லை.

வாயிலில் நடப்பது

திறந்த கரையில் இவ்வளவுதான் என்றால், துறைமுக வாயிலில் இன்னும் மூன்று விஷயங்கள் சேர்கின்றன.

முதலாவது, சுவரின் நுனி. சென்னைக் கரையில் தெற்கிலிருந்து வடக்கே போகும் ஓட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள்; வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கிலிருந்து அலை வந்து மணல் வடக்கே போகிறது; வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் தெற்கே திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால் மிச்சம் வடக்குப் பக்கம், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். இந்த ஓட்டம் கடலுக்குள் நீண்டிருக்கும் சுவரை முட்டும்போது நுனியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நெருக்கடியில் வேகம் கூடுகிறது. நுனியருகே தரை அரிக்கிறது. நுனியைத் தாண்டியதும் சுவரின் மறைவில் ஒரு பெருஞ்சுழல் உருவாகிறது. அதன் நடுவில் தண்ணீர் தேங்குகிறது. சுமந்து வந்த மணல் அங்கே இறங்குகிறது. வாயிலின் ஓரத்தில் திட்டு விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டாவது, கப்பல் வழித்தடம். பெரிய கப்பல்களுக்காகத் தோண்டிய சென்னையின் வெளித் தடம் சுமார் 19 மீட்டர் ஆழம். 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 50 சென்டிமீட்டரில் வரும் ஓட்டம், அப்படியொரு தடத்தைக் குறுக்கே கடக்கும்போது 26 சென்டிமீட்டராகக் குறைகிறது. அலையின் அடி வேகமும் இறங்குகிறது: உயரம் மாறாது என்று வைத்துக்கொண்டால், நம் 10 நொடி அலைக்கு 64 சென்டிமீட்டரிலிருந்து 40-க்கு. தூக்குபவனும் சுமப்பவனும் ஒரே இடத்தில் களைத்துப்போகிறார்கள். தோண்டிய பள்ளம் தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும் பொறியாகிவிடுகிறது. இதோடு, சாய்வாக வரும் அலையைத் தடத்தின் சரிவே வளைத்துவிடுகிறது. ஓரமாக அலை குவிந்து, உள்ளே எதிர்பார்த்ததைவிட அமைதியாகவும் வெளியே எதிர்பார்த்ததைவிடக் கொந்தளிப்பாகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, துகளின் அளவு. 0.2 மில்லிமீட்டர் மணல் தண்ணீரில் நொடிக்கு 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் இறங்கும். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிளம்பிய மணி தரைக்குத் திரும்ப முக்கால் நிமிடம். 30 சென்டிமீட்டர் ஓட்டம் அதற்குள் அதைப் பதினைந்து மீட்டருக்குள்தான் கொண்டுபோகும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டலுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க முக்கால் மணி நேரம். அதற்குள் முக்கால் கிலோமீட்டர் போய்விடும். மணல் வாயிலிலேயே விழுவதும், வண்டல் உள்ளே கப்பல் நிறுத்தும் துறைவரை போய்ப் படிவதும் இதனால்தான். இரண்டுக்கும் ஒரே சமன்பாட்டைப் போட்டால் தூர்வாரும் எந்திரத்தைத் தவறான இடத்துக்கு அனுப்ப நேரும்.

தொட்டியிலிருந்து திரைக்கு

இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்க்க முதலில் கிடைத்த வழி, கடலையே சிறிதாகச் செய்து பார்ப்பது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885-ல் இங்கிலாந்தின் மெர்சி முகத்துவாரத்தை ஒரு தொட்டியில் செய்து, ஓதங்களை ஏற்றி இறக்கி, மணல் திட்டுகள் உருவாவதைக் காட்டினார். 1916-ல் தொடங்கிய புனே மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியத் துறைமுகங்களின் மாதிரிகளைப் பெரிய கொட்டகைகளில் கட்டி அலையடிக்க விட்டிருக்கிறார்கள்.

தொட்டி மாதிரிக்கு ஒரு தீராத குறை உண்டு. நீளத்தை நூறில் ஒன்றாகச் சுருக்கினால், வேகமும் நேரமும் பத்தில் ஒன்றாகின்றன. அலை நன்றாகவே பொருந்துகிறது. 0.2 மில்லிமீட்டர் மணலை நூறில் ஒன்றாக்கினால் 2 மைக்ரான். அது மணலாக இருக்காது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் களிமண்ணாகிவிடும். அதனால் நிலக்கரித் தூள் போன்ற இலேசான பொருட்களைப் போட்டுச் சமாளித்தார்கள். அலை எங்கே போகும் என்று தொட்டி அழகாகச் சொல்லும். எத்தனை கன மீட்டர் மணல் விழும் என்று கேட்டால் தடுமாறும்.

இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான ஸ்வான் போன்ற மாதிரி, ஆழ்கடல் அலையைக் கரைக்குக் கொண்டுவருகிறது. உடையும் அலைகள் தண்ணீரைக் கரையோரமாகத் தள்ளும் விசையை, மைக்கேல் லாங்கெட்-ஹிகின்ஸும் ராபர்ட் ஸ்டூவர்ட்டும் 1960களில் கொடுத்த கோட்பாட்டின் வழியே இரண்டாவது மாதிரிக்குக் கொடுக்கிறது. இரண்டாவது மாதிரி ஓதம், காற்று, அலை மூன்றும் சேர்ந்து எழுப்பும் ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. மூன்றாவது மணலை நகர்த்துகிறது. மணல் நகர்ந்ததும் ஆழம் மாறுகிறது; மாறிய ஆழம் மறுபடி முதல் மாதிரிக்குப் போகிறது.

படம் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்போது வாயிலருகே ஒரு கட்டத்தின் அகலம் பொதுவாகச் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர்வரை. செங்குத்தாகப் பிரித்தாலும் அடிக் கட்டத்தின் உயரமே பல சமயம் அலையின் படலத்தைவிட அதிகம். அதாவது, இதுவரை நாம் பேசிய அந்த ஒரு சாண் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது. அங்கே நடப்பதை மாதிரி பார்ப்பதில்லை. கிராண்ட்-மேட்சன் வகைச் சூத்திரம் சொல்வதை ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சூத்திரத்துக்கு மணியின் பருமன், வரிகளின் உயரம் என்று சில எண்களை நாம்தான் கொடுக்கிறோம்.

அந்த எண்களை எங்கே வாங்குவது? கடலடியில் மூன்று கால் சட்டம் ஒன்றை இறக்கி, ஒலியை அனுப்பி வேகம் அளக்கும் கருவிகளையும் கலங்கலை அளக்கும் ஒளி உணரிகளையும் அதில் பொருத்துகிறார்கள். தரையிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கருவிக்குத் தன் முகத்துக்கு முன்னால் உள்ள கொஞ்ச தூரம் குருட்டுப் பகுதி. நமக்கு வேண்டிய அடுக்கும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் நொடிக்குப் பல முறை அளக்கும் கருவியைத் தனியாகத் தொங்கவிட வேண்டும். நம் வெதுவெதுப்பான கடலில் சில வாரத்தில் ஒளி உணரியின் கண்ணாடியில் பாசியும் சிப்பியும் ஏறிவிடும். தண்ணீர் தெளிந்திருக்கும்போதும் அது கலங்கல் என்றே சொல்லும். சட்டத்தின் கால்களே தரையைக் கொஞ்சம் அரித்து அளவீட்டைக் கெடுக்கலாம். இழுவலையோ நங்கூரமோ மாட்டினால் சட்டமே போய்விடும். மணல் அதிகம் நகரும் புயல் நாட்களில்தான் கருவி தப்பிப்பது கடினம்.

ஒற்றை எண்ணை நம்பாதீர்கள்

மணல் நகர்வு வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கோ ஐந்தாம் அடுக்குக்கோ ஏற்ப ஏறுகிறது. எந்த அடுக்கு என்பது சூத்திரத்துக்குச் சூத்திரம் மாறும். அடி வேகத்தை 20 சதவீதம் கூடுதலாகக் கணித்துவிட்டால், மூன்றாம் அடுக்கில் மணல் 1.7 மடங்காகிறது, ஐந்தாம் அடுக்கில் இரண்டரை மடங்கு. கடலில் 20 சதவீதப் பிழைக்குள் அடி வேகத்தைச் சொல்வதே நல்ல மாதிரி என்று பெயர் வாங்கும். ஆகவே, வழித்தடத்தில் ஆண்டுக்கு இத்தனை கன மீட்டர் படியும் என்று ஒரே எண்ணைச் சொல்லும் அறிக்கையைச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. அதன் பாதி முதல் இருமடங்குவரை எதுவும் நடக்கலாம்.

அப்படியானால் மாதிரியால் என்ன பயன்? ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. சுவரை நூறு மீட்டர் நீட்டினால் திட்டு எங்கே நகரும், வாயிலைக் கொஞ்சம் வடக்கே திருப்பினால் வழித்தடத்துக்குள் வரும் மணல் கூடுமா குறையுமா என்ற கேள்விகளில், ஒரே பிழை இரண்டு பக்கமும் இருப்பதால் வித்தியாசம் ஓரளவு நம்பத்தக்கதாக மிஞ்சுகிறது. ஸ்பிரிங் தன் முடிவை எடுக்கப் பல ஆண்டு கரைக்கோடுகளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு வாரத்தில் பத்து வடிவங்களை ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு துறைமுக அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். தரையின் மணலை உண்மையிலேயே அள்ளிச் சலித்துப் பார்த்தார்களா, இல்லை ஒரு வழக்கமான பருமனைப் போட்டுக்கொண்டார்களா? அலையின் காலம் எந்தப் பதிவிலிருந்து வந்தது? தெண்டி மாதங்களில் சரிபார்த்த மாதிரியை வன்னி மாதங்களுக்கும் சோதித்தார்களா? இம்மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் பக்கம் பக்கமாக வரும் வண்ணப் படங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒலிமானியால் வழித்தடத்தின் ஆழத்தை அளந்து, விழுந்த மணலைக் கழித்துப் பார்க்கும்போது கிடைக்கும் எண்ணை மாதிரி எவ்வளவு நெருங்குகிறது என்பதுதான் அதற்கு வைக்கும் பரீட்சை. அதையும் ஒவ்வொரு ஆண்டும் எழுத வைக்க வேண்டும்.